கண்வள்ளி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஓய்வு பெற்று வந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியது பிரியா. இப்போது அங்கே ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிற பெண். பழைய பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறதாம். எல்லாம் ஏற்றியாகிவிட்டது, ஒரு நோட்டு மட்டும் புரியவில்லை என்றாள்.

“மேடம், அட்டையில கிழங்கு நோட்டுன்னு போட்டிருக்கு. உங்க கையெழுத்துதான். பாதி நோட்டுக்கு மேல எல்லா என்ட்ரிக்கும் கடைசில வா.கா., வா.கா.ன்னு இருக்கு. நான் எல்லாத்துக்கும் வாந்தி, காய்ச்சல்னு டைப் பண்ணிட்டேன். கரெக்ட்தானே மேடம்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எத்தன பேருக்கும்மா வாந்தி காய்ச்சல் வர வச்சிருக்க?” என்று கேட்டேன்.

“எண்பது பேர் இருக்கும் மேடம். அப்புறம் ஸ்பெல்லிங் மிஸ்டேக்கும் நெறைய இருந்துச்சு. வத்தாளங்கெழங்கு, கண்வள்ளின்னு என்னென்னமோ. தெரிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் திருத்திட்டேன்.”

என் சிரிப்பு அதோடு நின்றது. திருத்தினதையெல்லாம் அப்படியே நிறுத்தி வை, விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அவளுக்கு நாலு வரி எழுதலாமென்று உட்கார்ந்ததுதான் இது. வேலையில் இருந்தபோது எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துப் பழகியவள் நான். இதை அப்படி முடிக்க முடியவில்லை.

என் ஊர் பழனி. அப்பா அடிவாரத்தில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். பஞ்சாமிர்தக் கடை, பாத்திரக் கடை, மொட்டைத் தலைக்குச் சந்தனம் விற்கிற கடை எல்லாவற்றிலும் அவர் எழுத்துதான். கடைக்காரர் கொடுக்கிற தாளில் பிழை இருந்தால் அதைத் திருத்திவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவார். ‘இங்கு நல்ல வெள்ளம் கிடைக்கும்’ என்று எழுதிக் கொடுத்த மண்டிக்காரரிடம், “வெள்ளம் வேணும்னா சண்முக நதிக்குப் போறேன், நீர் விக்கிறது வெல்லமய்யா” என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தவர். அந்தப் புத்தி அப்படியே எனக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளின் நோட்டை வாங்கி ல, ள, ழ திருத்திக் கொடுத்து, அதனாலேயே தோழிகள் இல்லாமல் இருந்தேன்.

மதுரையில் நர்ஸிங் படித்தேன். பாம்புக்கடிக்கு என்ன, பூச்சிமருந்து குடித்தவருக்கு என்ன, தீக்காயத்துக்கு என்ன என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கிழங்கைப் பற்றி ஒரு வரி சொன்னதாக நினைவில்லை. முதல் வேலை கோடைக்கானலில். கிழங்குக்கும் எனக்கும் முதல் சந்திப்பு அங்கேதான் நடந்தது.

வட்டக்கானலில் ஒரு விடுதியிலிருந்து வெளிநாட்டுப் பெண் ஒருத்தியைக் கொண்டு வந்தார்கள். நாக்கு தடித்துப் போய், தொண்டையைப் பிடித்துக்கொண்டு, ‘எலிஃபன்ட் ஃபுட், எலிஃபன்ட் ஃபுட்’ என்று மட்டும் சொன்னாள். வாசலில் நின்ற வாட்ச்மேன் யானை மிதித்துவிட்டது என்று ஸ்ட்ரெச்சர் எடுக்க ஓடினார். நானும் படித்தவள் மாதிரி அவள் பாவாடையை விலக்கிக் காலைத்தான் பார்த்தேன். கூட வந்த சமையல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, “சேனக்கெழங்குங்க சிஸ்டர். புளி ஊத்தாம வறுத்துட்டேன். அதுக்கு இங்கிலீஷ்ல அதுதான் பேராம்” என்றார். அந்தப் பெண்ணுக்கு மருந்து கொடுத்து, அரிப்பு அடங்கியதும் அனுப்பினோம். வாட்ச்மேன் ஒரு வாரம் எங்கள் கண்ணில் படாமல் நடமாடினார்.

அதற்கப்புறம் கீழ்மலைக்கு மாற்றல். பாச்சலூரைத் தாண்டிப் போகிற ஒரு ஊர். ஊர் பெயர் வேண்டாம். அங்கே பணி ஓய்வு வரைக்கும் இருந்தேன். காபித் தோட்டம், வாழை, மிளகு. காட்டுக்குள் போய் வள்ளிக்கிழங்கு தோண்டுகிற பளியர்கள், கிளாவரைப் பக்கம் பூண்டுக் காட்டு வேலை முடிந்து இறங்கி வருகிறவர்கள், ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருக்கிறவர்கள் என்று நாலு தினுசு ஜனம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் மண்ணுக்குள் விளைகிறதற்கு ஒவ்வொரு பெயர். சர்க்கரைவள்ளியை நாங்கள் சீனிக்கிழங்கு என்போம், லயத்துக்காரர்களுக்கு அது வத்தாளங்கிழங்கு. சேனையைச் சிலர் கருணை என்பார்கள், கருணை என்று சொல்லிப் பிடிகருணையைக் காட்டுகிறவர்களும் உண்டு. புற்று மண்ணுக்குள் முட்டை மாதிரி இருக்கும்போதே தோண்டியெடுக்கிற காளானை ஒருவர் புத்துக்காளான் என்பார், பக்கத்து பெஞ்சுக்காரர் அதையே இடிக்காளான் என்பார். வள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். மரவள்ளி, ராசவள்ளி, சக்கரவள்ளி, வெறும் வள்ளி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் இதில் எதைத் தின்றார் என்பதில்தான் வைத்தியமே இருக்கிறது.

எனக்கு இது உறைக்கவில்லை. உறைத்தது டாக்டர் செல்வினுக்கு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், கன்னியாகுமரிப் பக்கம். வந்த முதல் வாரமே ஒரு கூத்து. தோட்டவேலை செய்கிற ஒருவர் வயிற்றுவலி என்று வந்து, சீனிக்கிழங்கு தின்றேன் என்றார். டாக்டர் ஊரில் மரவள்ளிக்கு மரச்சீனி என்று பெயர். சீனி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு மரவள்ளியின் விஷம் நினைவுக்கு வந்துவிட்டது. அவித்த தண்ணீரைக் கொட்டினீர்களா, கிழங்கு கசந்ததா, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். வந்தவர் ஒன்றும் புரியாமல் மடியிலிருந்து ஒரு சர்க்கரைவள்ளியை எடுத்து, “இதுதான் சார். ஒண்ணு திங்கிறீங்களா?” என்று நீட்டினார்.

நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். டாக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அந்தக் கிழங்கை வாங்கி மேஜையில் வைத்தார். சாயங்காலம் கோடு போடாத நோட்டு ஒன்றை என்னிடம் கொடுத்து, “சிஸ்டர், உங்க எழுத்து நல்லா இருக்கும். அட்டையில கிழங்கு நோட்டுன்னு எழுதுங்க. முதல் பக்கத்துல என் தப்ப எழுதுங்க” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

அன்றைக்கு அவர் வைத்த முறை இதுதான். கிழங்கோ காளானோ தின்று வந்தவர் யாராக இருந்தாலும், அவர் வாயில் என்ன பெயர் வருகிறதோ அதை அப்படியே எழுத வேண்டும். அந்தப் பெயரை அவர் யார் வாயில் கேட்டார் என்று அடுத்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் கிழங்கு கை மாறும்போது பெயரும் மாறும். இலையும் கொடியும் பார்த்தாரா, அறுத்தால் உள்ளே என்ன நிறம், கை அரித்ததா என்று கேட்க வேண்டும். மிச்சம் இருந்தால், தோலாவது இருந்தால், யாரையாவது அனுப்பி எடுத்து வரச் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஆன பிறகுதான் நமக்குத் தெரிந்த பெயரைப் பக்கத்தில் எழுதலாம். அதுவும் பென்சிலில்.

பென்சில் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ‘கெழங்கு’ என்று எழுதச் சொன்னதும் பிடிக்கவில்லை. அது கிழங்குதானே சார் என்று ஒருநாள் கேட்டேன்.

“உங்களுக்கும் எனக்கும் கிழங்கு. அவருக்கு கெழங்கு. வயித்துவலி அவருக்குத்தானே சிஸ்டர்” என்றார். அவர் பேசுவதெல்லாம் இப்படித்தான் இருக்கும். குரல் உயராது, எதிராளி பதில் சொல்லவும் இடம் இருக்காது. சார் சார் என்று தலையாட்டிவிட்டு, அவர் பார்க்காதபோது நான் கிழங்கு என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஆடி மாதம், தூறல். டாக்டர் பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தார், மூன்று மணிக்குத்தான் வருவார். பன்னிரண்டு மணி வாக்கில் தோட்டத்து ஜீப்பில் ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். பெயர் மாரியாயி, முப்பது வயசு இருக்கும், காபித் தோட்ட லயத்தில் குடியிருப்பு. காலை வேலையில் நின்றவள் பதினொரு மணியிலிருந்து வாந்தி எடுக்கிறாள். வயிறும் நிற்காமல் போகிறது. தொண்டை எரிகிறது என்று சைகையில் காட்டினாள். கூட அவள் புருஷன் ஆறுமுகம். மெலிந்த ஆள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன தின்னாங்க?”

“கெழங்குதாங்க. வெள்ளனே அவிச்சுத் தின்னுட்டு வேலைக்கு வந்துச்சு. எனக்குப் பசி இல்லன்னு நான் தேத்தண்ணியோட வந்துட்டேன்.”

“என்ன கெழங்கு?”

“கண்வள்ளிக் கெழங்கு.”

“என்னது?”

“கண்வள்ளிங்க நர்ஸம்மா. கீழ ஒட்டஞ்சத்திரத்துப் பக்கம் நடுவைக்குப் போயிருந்தேன், ஒரு கெழம. அங்க அதத்தான் நட்டோம். ஒடஞ்சது கழிஞ்சதெல்லாம் மோட்டார் ரூமு ஓரமா குமிச்சுக் கெடந்துச்சு. கொஞ்சம் அள்ளியாந்தேன்.”

பிரியா, இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். லயத்துக்காரர்களின் பேச்சு எனக்கு எப்போதுமே சற்று இளப்பம். ‘ஏலாது’ என்பார்கள், ‘வெளங்குதில்ல’ என்பார்கள், நான் மனசுக்குள் திருத்திக்கொண்டே கேட்பேன். வள்ளி எனக்குத் தெரியும். அதென்ன கண்வள்ளி? நட்டோம் என்கிறார், விதைக்கிழங்கில் முளை வருகிற இடத்தைக் கண் என்று சொல்வது உண்டு. ஆகக் கண் உள்ள வள்ளி, விதைக்கு வைத்த வள்ளிக்கிழங்கு. இந்த மனுஷனுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. இப்படி முடிவு கட்டி, சீட்டில் என் நல்ல கையெழுத்தில், ‘வள்ளிக்கிழங்கு (சரியாக வேகாதது) உண்டபின் வாந்தி, வயிற்றுப்போக்கு’ என்று எழுதினேன். யார் வாயில் கேட்டீர்கள் என்று கேட்கவில்லை. இலையைக் கேட்கவில்லை. மிச்சத்தைக் கொண்டு வரச் சொல்லவில்லை.

கட்டிலில் படுக்க வைத்து குளுக்கோஸ் ஏற்றினேன். வாந்திக்கு ஊசி போட்டேன். ஆறுமுகம் கதவருகே நின்றபடி, “மிச்சம் ஒரு சட்டி இருக்குங்க. அதக் கொட்டிரச் சொல்லவா?” என்று கேட்டார். அவராகத்தான் கேட்டார்.

“வள்ளிக்கெழங்க எதுக்குக் கொட்டணும்? அரைவேக்காட்டுல தின்னா இப்பிடித்தான் பண்ணும். ரெண்டு தண்ணி மாத்தி நல்லா வேகவச்சுத் தின்னுங்க, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டு, அவளுக்கு மாற்றுச் சேலை எடுத்து வரப் போனார். ஒன்றரை மணி பஸ். வீட்டில் அவர் தங்கை செல்லம்மா குடும்பமும் சேர்ந்துதான் இருந்தது. சமையல் ஒரே அடுப்பில்.

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். சீட்டைப் படித்தார், மாரியாயியைப் பார்த்தார். இரண்டு பாட்டில் ஏறியும் அவள் முகம் சுண்டிப் போயிருந்தது, பிரஷர் இறங்கியிருந்தது. டாக்டர் மறுபடி சீட்டைப் படித்தார். பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

“சிஸ்டர், இது நீங்க எழுதினது. அவங்க வாயில வந்தது என்ன?”

“வள்ளிக்கிழங்குதான் சார்.”

“அப்படியேவா சொன்னாங்க?”

“கண்வள்ளின்னு சொன்னார் சார். விதைக்கிழங்கச் சொல்றார்னு கண்ண எடுத்துட்டேன்.”

“எங்க கிடைச்சுதாம்?”

“ஒட்டன்சத்திரத்துப் பக்கம் நடுவையில. கண்வள்ளி நட்டாங்களாம்.”

என் வாயால் அதைச் சொன்னபோதுதான் என் காதுக்கு அது கேட்டது. பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகிற வழியில், கம்பிப் பந்தலில் ஏறி சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கும் கொடியைப் பஸ் ஜன்னல் வழியாகச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். விதைக்காகப் போடுகிற பயிர். கிழங்கைத் தின்றால் ஆள் பிழைக்காது என்று எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதற்கு எங்கள் ஊர்ப் பெயர் கண்வலி. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்து கண்வலிக்கிழங்கு என்று சொல்லியிருந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்து ஓடியிருப்பேன். ஆறுமுகம் கூட வேலை செய்தவர்கள் வாயில் கேட்டதை, தனக்குத் தெரிந்த ராசவள்ளியோடு சேர்த்துக் கண்வள்ளி என்று சொல்லியிருக்கிறார். அவர் ஒரு ‘லி’யைத்தான் ‘ள்ளி’ ஆக்கினார். நான் எழுத்தைத் திருத்தப் போய் சொல்லையே தூக்கிப் போட்டுவிட்டேன்.

“கண்வலி சார்” என்றேன். அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. பூவைச் சொன்னேன், செங்காந்தள் என்று சொன்னேன்.

“மேந்தோன்னி” என்றார். அவர் ஊர்ப் பெயர் அது. சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. இரைப்பையைக் கழுவினோம். தாமதம்தான், ஆனாலும் செய்யலாம் என்றார். கரித்தூள் கரைத்துக் கொடுத்தோம். இரண்டு கையிலும் ஊசி போட்டு ஏற்றினோம். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து, இதற்கு முறிவு மருந்து இல்லை, ஆளைத் தாங்கிப் பிடித்திருப்பதுதான் வைத்தியம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. 108 வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்தச் சட்டி நினைவுக்கு வந்தது.

டாக்டரிடம் சொன்னேன், மிச்சத்தை வேகவைத்துத் தின்னச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்று. அவர் என்னை ஒருதரம் பார்த்தார். “போன் பண்ணுங்க” என்றார், அவ்வளவுதான்.

ஆறுமுகத்திடம் போன் கிடையாது. லயத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை உண்டு, அந்தக் கடைக்காரர் நம்பர் எங்களிடம் இருந்தது, தடுப்பூசி நாளைச் சொல்வதற்காக வைத்திருந்தது. மழையில் மூன்று முறை போட்டு நாலாவது முறை கிடைத்தது.

“அண்ணே, நான் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசுறேன். ஆறுமுகம் வீட்டுக்கு வெரசா ஓடுங்க. கண்வலிக் கெழங்கு வச்சிருக்காங்க, யாரும் தொடக் கூடாது.”

“யாருக்குக் கண்ணு வலி?”

“கண்ணு வலி இல்லண்ணே, கெழங்கு. கண்வலிக் கெழங்கு.”

“கேக்குதில்ல தாயி. கண்ணு வலிக்கி என்ன மருந்து போடணும்?”

நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். “அண்ணே, கண்வள்ளி. ஆறுமுகம் கீழயிருந்து கொண்டாந்தாரே, கண்வள்ளி.”

“ஓ, கண்வள்ளியா. அத முன்னமே சொல்லலாமில்ல. அவுக வீட்டுல இப்பத்தான் அடுப்புல கெடக்கு” என்றார். போனைக் கடை மேஜையில் வைத்துவிட்டு அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வருகிற வரை நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கொட்டியாச்சு, செல்லம்மா தட்டில் எடுத்து வைத்ததையும் சேர்த்துக் கொட்டியாச்சு, யாரும் தின்னவில்லை என்று சொன்ன பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு டாக்டர் மாரியாயியின் சீட்டின் நகலை மேஜையில் வைத்திருந்தார். நான் ஒயிட்னர் பாட்டிலை எடுத்தேன். “அழிக்காதீங்க சிஸ்டர்” என்றார். “ஒரே ஒரு கோடு. கீழ இருக்கிறது படிக்கத் தெரியணும். அதுக்கு மேல அவர் சொன்னத எழுதுங்க. நேரம் போடுங்க. கையெழுத்துப் போடுங்க.” அப்படியே செய்தேன். பிறகு கிழங்கு நோட்டை எடுத்துத் தந்தார். அதிலும் எழுதினேன், கண்வள்ளி என்று. பக்கத்தில் பென்சிலில் கண்வலி, மேந்தோன்னி. என்னை அவர் திட்டவே இல்லை. மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் நடந்தது நடந்தபடி, என் பெயரோடு இருந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் எழுதினேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாரியாயி கீழே பதினாறு நாள் கிடந்தாள். ஒரு கட்டத்தில் ஆறுமுகத்தைக் கூப்பிட்டு, சொந்தக்காரருக்குச் சொல்லிவிடுங்கள் என்றே சொல்லிவிட்டார்களாம். நான் தினமும் அந்த வார்டுக்குப் போன் செய்வேன். யார் பேசுவது என்று கேட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து என்பேன். எப்படியோ பிழைத்தாள். அந்த விஷத்துக்கு ஒரு குணம் உண்டு, பிழைத்தவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் தலைமுடி கொட்டும். அவளுக்கும் கொட்டியது. எங்கள் ஊரில் மொட்டைத் தலையை ஆயிரம் ஆயிரமாகப் பார்த்து வளர்ந்தவள் நான். அவள் தலையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் வீடு திரும்பியதும் டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவளே வந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள், ஓரத்தில் குட்டையாக முடி எட்டிப் பார்த்தது. வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வயிறு லேசாக வலிக்கிறது என்றாள். நான் பேனாவை எடுத்தேன்.

“நர்ஸம்மா, ஒண்ணு கேக்கவா?” என்றாள். குரலில் கோபம் இல்லை, சண்டைக்கு வந்த மாதிரியும் இல்லை. “அன்னைக்கு அவரு சொன்னது ஒங்களுக்கு வெளங்கலையா?”

வெளங்கவில்லை என்று சொல்லிவிடலாம். எல்லோரும் நம்புவார்கள்.

“வெளங்குச்சு. நான்தான் திருத்திட்டேன்” என்றேன்.

“எங்க பேச்ச எல்லாரும் திருத்துவாங்கதான்” என்றாள். பிறகு, நான் கேட்காமலே, “நேத்து வத்தாளங்கெழங்கு அவிச்சுத் தின்னேன். கூடத் தின்னுட்டேன் போல” என்றாள்.

எழுதினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் என் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

“என்னன்னு எழுதுனீங்க? வாசிங்க.”

பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்கள். நான் சத்தமாக வாசித்தேன். “மாரியாயி. வயிற்றுவலி. நேத்து வத்தாளங்கெழங்கு அவிச்சுத் தின்னேன். கூடத் தின்னுட்டேன் போல.”

“நான் சொன்ன மாரியேதான் இருக்கா?”

“அப்பிடியேதான் இருக்கு.”

“இன்னொருக்கா வாசிங்க.”

இன்னொரு தரம் வாசித்தேன். துண்டைச் சரிசெய்துகொண்டு, மாத்திரைக்குக் கையை நீட்டினாள்.

அவள் போனதும் கிழங்கு நோட்டை எடுத்து அந்த வரியைப் பதிந்து, கடைசியில் வா.கா. என்று போட்டேன். வாசித்துக் காட்டப்பட்டது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டினேன். டாக்டர் மாற்றலாகிப் போன பிறகும், நான் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் காட்டினேன். நேரம் ஆகிறது என்று வரிசையில் முணுமுணுப்பார்கள். சிலர் “அப்பிடிச் சொல்லல நர்ஸம்மா, வேற மாரி சொன்னேன்” என்று திருத்துவார்கள். திருத்தியதையும் ஒரு கோடு போட்டு எழுதுவேன்.

ஆக, பிரியா, அந்த எண்பது பேருக்கு வாந்தியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வத்தாளங்கெழங்கையும் கண்வள்ளியையும் இருந்தபடியே திரும்ப வைத்துவிடு. கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டால் போடட்டும். வைத்து முடித்ததும் எனக்கு ஒரு போன் பண்ணி, என்ன வைத்திருக்கிறாய் என்று வாசித்துக் காட்டு.